கட்டுமரம் என்ற பொம்பளை

காக்கைக்கும் கடலுக்கும் வாய் இருந்த காலம் அது. வாய் என்றால் சும்மா கத்துகிற வாய் இல்லை, நம்மைப் போலத் தமிழ் பேசுகிற வாய். மத்தியானத்தில் கடல் சோம்பல் முறித்துக்கொண்டு, “அப்பப்பா, என்ன வெக்கை!” என்று சொல்லும். கடல் காக்கை கரையில் வந்து உட்கார்ந்து ஊர்நியாயம் பேசும். யாரும் அதை ஓர் அதிசயமாக நினைத்ததில்லை. அந்தக் காலத்துக் கடல் காக்கைக்கு மூக்கு ஊசி மாதிரி நேராக இருக்கும், இதையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோழமண்டலக் கரையில் புன்னைமுனை என்று ஒரு குப்பம் இருந்தது. அந்தக் குப்பத்தில்தான் அஞ்சலாட்சி இருந்தாள். அம்மாடி, அவள் வாய் இருக்கிறதே! காலையில் கண் விழித்ததும் முதலில் சேவலைத் திட்டுவாள், “இப்பத்தான் விடிஞ்சுதாடா ஒனக்கு?” என்று. பிறகு அடுப்பை, பிறகு ஈர விறகை, பிறகு வாசலில் போகிற வருகிற எல்லாரையும். அந்த ஊரில் அவள் வாயில் விழாதது இன்னும் பிறக்காத பிள்ளை ஒன்றுதான் என்பார்கள். அதுவும் பொய். பேறுகாலம் தள்ளிப்போன ஒரு மருமகளின் வயிற்றைப் பார்த்து, “உள்ளேயே படுத்துக் கெடக்கியே, வெளியில வந்து ஒரு வேலைவெட்டி பாக்கக்கூடாதா?” என்று அவள் அதட்டியதை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை அன்று சாயங்காலமே பிறந்துவிட்டது.

யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சிக் கலயத்தோடு வந்து நிற்பதும் அவள்தான். “மழையில நனையாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா? குடி, குடிச்சுத் தொலை” என்று திட்டிக்கொண்டே ஊட்டுவாள். காய்ச்சல்காரன் பயத்திலேயே முழுக் கலயத்தையும் குடித்துவிடுவான்.

அவள் புருஷன் பெயர் சிங்காரம். கடலுக்குப் போகிற ஆள், வாய் பேசாத மனுஷன். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிட்டதால் அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ஒரு விஷயம். ஊரையே பெயர் சொல்லித் திட்டுகிற அஞ்சலாட்சி, புருஷன் பெயரை மட்டும் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அந்தக் காலத்துப் பெண்டுகள் யாரும் சொல்லமாட்டார்கள். மற்றவர்கள் “இந்தாங்க” என்பார்கள், “நம்ம வீட்டு ஆளு” என்பார்கள். அஞ்சலாட்சிக்கு அவ்வளவு நாசூக்கு வராது. எப்போது பார்த்தாலும் அவன் கட்டுமரத்திலேயே குடியிருந்ததால், அவனையே அவள் “ஏ கட்டுமரம்!” என்றுதான் கூப்பிடுவாள். “ஏ கட்டுமரம், சோறு ஆறுது!” “ஏ கட்டுமரம், காது இருக்கா இல்லையா?” இப்படி.

கட்டுமரம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலைந்து மரக்கட்டைகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் அது கட்டுமரம். ஆணி கிடையாது, பலகை கிடையாது. கட்டு இருக்கிற வரைக்கும் அது கடலில் போகும். கட்டை அவிழ்த்துவிட்டால் வெறும் விறகு. சிங்காரத்தின் அப்பா மேற்கே மலைக்காட்டுக்குப் போய்த் தேடிக் கொண்டுவந்த கட்டைகள் அவை. அந்த ஒரு மரம்தான் அவர்களுக்குச் சோறு. அதற்குத் தினமும் கட்டுப் போடுவது அஞ்சலாட்சி. முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து, கயிற்றைத் திட்டிக்கொண்டே அவள் போடுகிற முடிச்சை வேறு யாராலும் அவிழ்க்க முடியாது.

இப்போது காக்கைக்கு வருகிறேன். அஞ்சலாட்சி கரையில் நெத்திலி காயப்போடுவாள். கடல் காக்கை வந்து திருடும். திருடுவது அதற்குத் தொழில், அதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அஞ்சலாட்சி பார்த்துவிடுவாள். பார்த்தால் சும்மா இருப்பாளா? காக்கையின் குலம், கோத்திரம், அது முட்டையிலிருந்து வந்த லட்சணம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள். கூட்டிலிருக்கும் குஞ்சுகள் கேட்டுக்கொண்டிருக்கும். “அப்பா, எடுபட்ட மூதின்னா என்னப்பா?” என்று குஞ்சு கேட்டால் காக்கை என்ன பதில் சொல்லும்? பாவம், அதுவும் மானமுள்ள பிராணி.

அந்த வருஷம் தை மாதத்தில் மீன் வரத்து குறைந்துபோயிற்று. காக்கை நேராக ஊர் நாட்டாரிடம் போயிற்று. நாட்டார் என்றால் குப்பத்துக்குத் தலைவர், அவர் பெயர் பொன்னுரங்கம்.

“நாட்டாரே, மீன் ஏன் வரலைன்னு தெரியுமா?” என்றது காக்கை. “நான் மேல இருந்து பாக்குறேன். மீனெல்லாம் கரைப்பக்கம் வருது. அஞ்சலாட்சி சத்தம் கேக்குது. அப்படியே திரும்பி ஓடுது. கண்ணால கண்டேன்.”

மீன் கிடைக்காதவனுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதாதா? ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் “ஆமா, இருக்கும்” என்றார்கள். நாட்டாருக்கும் உள்ளுக்குள் ஒரு கசப்பு உண்டு. போன திருவிழாவில் அவர் அழுக்கு வேட்டியோடு சாமிக்கு முன்னால் நின்றதை அஞ்சலாட்சி ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள். அதை அவர் மறக்கவில்லை.

பஞ்சாயத்துக் கூடியது. நாட்டார் தொண்டையைக் கனைத்தார்.

“அஞ்சலாட்சி, மாசி மகம் வரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்தாலும் உங்க கட்டுமரத்தை அவுத்து, ஆளுக்கு ஒரு கட்டையா அடுப்புக்குக் குடுத்துருவோம். இது ஊர்க்கட்டு.”

அஞ்சலாட்சி எழுந்து நின்றாள். நாட்டாரைப் பார்த்தாள், காக்கையைப் பார்த்தாள், மணலில் கிடந்த தன் மரத்தையும் பார்த்தாள். மார்பு ஏறி இறங்கியது. ஊரே காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானது. ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதன்பிறகு புன்னைமுனை அமைதியாக இருந்தது. என்ன அமைதி! சேவல் எப்போது கூவுவது என்று தெரியாமல் முழித்தது. காக்கை பட்டப்பகலில் வந்து அவள் கண்ணெதிரே நெத்திலியைக் கொத்தித் தின்றது. “என்ன அஞ்சலாட்சி, சௌக்கியமா? பேச மாட்டியா? சரி சரி, இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றது. அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். மீன் மட்டும் வரவேயில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தீர்ப்புச் சொன்னவர்களுக்கு அது எப்படித் தோன்றும்?

சிங்காரத்துக்கு முதலில் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? பிறகு சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. கடலிலிருந்து திரும்பி வந்தால், கரையில் யாரும் “ஏ கட்டுமரம், இவ்வளவு நேரம் எங்க போய்த் தொலைஞ்சே?” என்று கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தது மாதிரியே அவனுக்குத் தோன்றவில்லை.

மாசி மகத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் விடியுமுன் கடலுக்குப் புறப்பட்டவன், மரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் அவளிடம் மெதுவாகச் சொன்னான்: “மகம் முடிஞ்ச அன்னைக்குக் காலையில என்னை ஒக்கார வச்சு நாள் பூரா திட்டணும், என்ன? சேத்து வச்சுக்கோ.” அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்து அனுப்பினாள்.

அன்றைக்குத்தான் அந்தப் பனி வந்தது.

பொழுது விடிந்ததோ இல்லையோ தெரியவில்லை. எங்கும் வெள்ளை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. கடலுக்குப் போன மரங்கள் அத்தனையும் அந்த வெள்ளைக்குள். கரைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. அதன்மேல் அலை எப்போதும் உடைந்துகொண்டிருக்கும். கண் தெரிந்தால் சுற்றிக்கொண்டு வரலாம். கண் தெரியாமல் அதில் ஏறிய மரம் குப்புறக் கவிழும், ஆள் மிஞ்சமாட்டான்.

ஊரே கரைக்கு ஓடி வந்தது. “ஓய்! இங்க! இங்க வாங்க!” என்று பெண்கள் கூவினார்கள். அங்கேதான் ஒரு வினை. அந்தக் காலத்துக் கடலுக்கு ஒரு கெட்ட பழக்கம், யார் எதைச் சொன்னாலும் அதே குரலில் திருப்பிச் சொல்லும். கடலுக்கு அது விளையாட்டு. தெளிந்த நாளில் எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கோ, பெண்கள் “ஓய், இங்க!” என்றால், வடக்கிலிருந்து கடல் “ஓய், இங்க!” என்றது. தெற்கிலிருந்தும் “ஓய், இங்க!” என்றது. மணல்திட்டின் மேலிருந்தும் அதே குரல். பனிக்குள் இருந்த ஆம்பிளைகளுக்கு எது கரை, எது கடல் என்று தெரியவில்லை.

நாட்டார் பொன்னுரங்கத்தின் மகன்கள் இரண்டு பேரும் அந்தப் பனிக்குள்தான் இருந்தார்கள். “டேய் ராசாக்களா!” என்று அவர் கத்தினார். “டேய் ராசாக்களா!” என்று கடல் அவர் குரலிலேயே, அவர் அழுகையோடு சேர்த்துத் திருப்பிச் சொன்னது. அவர் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அஞ்சலாட்சி ஒரு ஓரமாக நின்றாள். பக்கத்தில் நட்டிருந்த கம்பின்மேல் காக்கை வந்து உட்கார்ந்தது.

“வாய் துறுதுறுங்குதா?” என்றது. “திறந்துதான் பாரேன். சாயங்காலம் உன் மரம் நாலு வீட்டு அடுப்புல எரியும்.”

அவள் யோசித்தாள். அந்த மரம் போனால் இன்னொரு மரம் வராது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மரமில்லாத மீனவன் அடுத்தவன் மரத்தில் ஓரமாகத் தொத்திக்கொண்டு போக வேண்டும், அடுத்தவன் எறிகிற மீனைப் பொறுக்க வேண்டும். சிங்காரம் அதைத் தாங்கமாட்டான். ஆனால் மரம் இருந்து, அதன்மேல் உட்கார ஆள் இல்லாமல் போனால்?

வெற்றிலையைத் தூவென்று துப்பினாள். மரத்தைத் தள்ளுகிற ஈர மணலில் போய் நின்றாள். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகினாள். வாயைத் திறந்தாள்.

“ஏ கடலே! எடுபட்ட கழுதை! அடுத்தவ குரல்ல பேசுறியே, உனக்குன்னு ஒரு குரல் கிடையாதா? நாறப் பொழப்பு!”

கடல் திடுக்கிட்டது. பழக்கதோஷத்தில் “ஏ கடலே, எடுபட்ட கழுதை...” என்று தொடங்கி, தன்னைத்தானே திட்டுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டது.

அஞ்சலாட்சி நிறுத்தவில்லை.

“டேய் காத்தலிங்கம்! கண்ணுதான் தெரியல, காதுமா போச்சு? உங்கப்பன் மாதிரியே மசமசன்னு நிக்காதே, சத்தம் வர்ற பக்கம் திருப்புடா! டேய் முனியாண்டி, கட்டையில போறவனே, வாடா இங்க!”

‘கட்டையில போறவனே’ என்றால் மற்ற ஊரில் அது சாபம். கடற்கரையில் அது அவன் தொழில், அதனால் யாருக்கும் கோபம் வராது. அது கிடக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. கூப்பிடுகிறவர்கள் ஒரு தடவை கூவிவிட்டு மூச்சு வாங்க நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில்தான் கடல் புகுந்துகொள்ளும். திட்டுகிறவள் நிறுத்தமாட்டாள். அதுவும் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த திட்டு! ஒன்றின்மேல் ஒன்றாக, மூச்சுக்கூட விடாமல் வந்தது. கடலுக்குப் புக இடமே கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் தத்துப்பித்தென்று பின்னால் ஓடி வந்தது. “மசமச... கட்டை... முனி...” என்று நாக்குக் குழறி, பிறகு வாயை மூடிக்கொண்டது.

பனிக்குள் அவள் குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து, ஒரு கயிறு போல நீண்டு வந்தது. தன் பெயரும் தன் அப்பன் பெயரும் சேர்த்துத் திட்டு வாங்கிய ஒவ்வொருவனும், “இது அஞ்சலாட்சி அக்காதான், கடலுக்கு இதெல்லாம் தெரியாது” என்று அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டான். ஒவ்வொரு மரமாக மணலில் வந்து முட்டியது. காத்தலிங்கம் வந்தான். முனியாண்டி வந்தான். “நாட்டாரு பெத்த நல்லமுத்துங்களா, அப்பன் வேட்டியத் தொவைக்கத்தான் துப்பில்ல, கரைக்கு வரவாச்சும் துப்பு இருக்கா?” என்றதும் நாட்டாரின் மகன்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். நாட்டார் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார். வேட்டி விஷயம் அவர் காதில் விழவேயில்லை.

சிங்காரம் மட்டும் வரவில்லை.

இனி யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை, மிச்சமிருப்பது சொல்லக்கூடாத ஒரே பெயர். அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

“ஏ கட்டுமரம்! ஏ கட்டுமரம்! சோறு ஆறிப்போச்சு, கேக்குதா? என்னைத் தாலி கட்டிக் கூட்டிட்டு வந்துட்டு நீ மட்டும் எங்கய்யா போற? கட்டுமரம்! செவிட்டுக் கட்டுமரம்! வந்து தொலை கட்டுமரம்!”

அந்த நேரத்தில் கரையில் யாருக்கும் தெரியாத ஒரு காரியம் பனிக்குள் நடந்தது. தூரதேசத்து இங்கிலீஷ்காரக் கப்பல் ஒன்று வழி தவறி மணல்திட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் மாலுமிகளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் பனிக்குள் ஒரு பெண்குரல் “கட்டுமரம், கட்டுமரம்” என்று திட்டுவது கேட்டதும் கப்பல் முழுக்க ஆட்கள் விறைத்து நின்றார்கள். ஒவ்வொருவனும் தன் பெண்டாட்டிதான் வந்துவிட்டாள் என்று நினைத்தான். அந்தக் குரலுக்கு மொழி தேவைப்படவில்லை. கப்பல் தலைவன் ஒருவனுக்குத்தான் புத்தி வேலை செய்தது.

“நிறுத்துங்கள்! நங்கூரத்தைப் போடுங்கள்!” என்று கத்தினான். “ஒரு பெண்பிள்ளை இப்படித் திட்ட வேண்டுமென்றால் அவள் காலுக்குக் கீழே தரை இருக்கிறது. கரை மிகப் பக்கத்தில்!”

நங்கூரம் விழுந்தது. மணல்திட்டுக்கு ஒரு கை தூரத்தில் கப்பல் நின்றது.

கரையில் அஞ்சலாட்சியின் குரல் கிழிந்துவிட்டது. கடைசியாக, திட்டவும் முடியாமல், “கட்டுமரம்...” என்று மட்டும் சொன்னாள். அது திட்டே இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நிழல். பிறகு சிங்காரம், முகமெல்லாம் பல்லாக.

“முதல்ல கடல்தான் ஏய்க்குதுன்னு நெனச்சேன் புள்ள” என்றான், மரத்திலிருந்து குதித்து வந்து. “நீதான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கியே. அதான் அசையாம கெடந்தேன். அப்புறம் கட்டுமரம்னு கேட்டுச்சு. என்னை வேற யாரு அப்படிக் கூப்பிடுவா?”

அவள் அவன் நெஞ்சில் குத்தினாள், கன்னத்தைத் தடவினாள், மறுபடியும் குத்தினாள். ஊர் முழுக்க அழுதது. சந்தோஷம் வந்தால் கடற்கரை ஜனங்களுக்கு அழுகைதான் முதலில் வரும்.

பனி விலகி வெயில் அடித்தது. அப்போது கம்பின்மேலிருந்து காக்கை தொண்டையைக் கனைத்தது.

“நாட்டாரே, எல்லாம் சரிதான். ஊர்க்கட்டு என்னாச்சு? அவ வாயைத் திறந்தா. ஒரு வார்த்தையா ரெண்டு வார்த்தையா? கட்டை அவுக்கணும்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. நாட்டார் பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார். ஊர்க்கட்டை மீறினால் ஊருக்குக் கட்டே இல்லை. நிறைவேற்றினால் தன் பிள்ளைகளைக் கரை சேர்த்தவள் வயிற்றில் அடிக்க வேண்டும். சிங்காரம் தன் அப்பாவின் கட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தான்.

நாட்டார் மெல்லத் தலையைத் தூக்கினார். அவர் கண்ணில் ஒரு மினுக்கு.

“காக்கை சொல்றது நியாயம். தீர்ப்பு தீர்ப்புதான். கட்டை அவுக்கணும். ஆனா யார் அவுக்கணும்னு நான் சொல்லலையே? பிராது குடுத்தது யாரு? காக்கை. ஊர்ல ஒருத்தரும் கை வைக்க வேணாம். காக்கையே அவுக்கட்டும். பொழுது சாயறதுக்குள்ள அவுத்துட்டா, கட்டை அடுப்புக்கு. அவுக்க முடியலன்னா வழக்கு தள்ளுபடி.”

“இது ஒரு வேலையா?” என்று காக்கை பறந்து வந்து முடிச்சின்மேல் உட்கார்ந்தது.

அஞ்சலாட்சி போட்ட முடிச்சு. கடல் தண்ணியில் ஊறி ஊறி இறுகின கயிறு. காக்கை ஊசி மூக்கை நுழைத்து இழுத்தது. அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தது. இறக்கையை அடித்துக்கொண்டு, கண் பிதுங்கப் பிதுங்க இழுத்தது. குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. “அப்பா, விடாதேப்பா!” என்றன. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு கடைசி இழுப்பு இழுத்தது பாருங்கள், மூக்கு நுனி கொக்கி மாதிரி வளைந்துபோயிற்று! முடிச்சு அப்படியே இருந்தது. காக்கை “க்யா!” என்று அலறிக்கொண்டு கடலுக்குள் பறந்தது. வளைந்த மூக்கால் அதன்பிறகு அதற்குத் தமிழே வரவில்லை.

“போ! போ! இனிமே நெத்திலிப் பக்கம் வந்தே, வாலையும் வளைச்சு விட்டுருவேன்!” என்று அஞ்சலாட்சி எடுத்துவிட்டாள். அடைத்த தொண்டை எப்படித் திறந்ததோ, குப்பமே அதிர்ந்தது. அவளுடைய வாய்க்கட்டு அவிழ்ந்தது, மரத்தின் கட்டு அவிழவில்லை. ஜனங்கள் கை தட்டிக் குலவை போட்டார்கள்.

அந்தக் குலவைக்கு நடுவில்தான் கப்பலிலிருந்து சின்னப் படகில் தலைவன் வந்து இறங்கினான். அவள் குரலைக் கேட்டதும், “இதுதான்! இதே குரல்!” என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து குனிந்து வணங்கினான். பிறகு நாட்டாரைப் பார்த்து, அவளை நோக்கி விரலை நீட்டி, தன் மொழியில் என்னவோ கேட்டான். இவள் பெயர் என்ன என்றுதான் கேட்டான்.

நாட்டாருக்கு என்ன தெரியும்? அஞ்சலாட்சி மரத்தை ஒட்டி நின்றாள். நாள் முழுக்க ஊருக்கு அந்த மரத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒரு கடலோடி விரலை நீட்டினால் மரத்தைத்தான் கேட்பான் என்று அவர் நினைத்தார்.

“இதுவா? கட்டுமரம்!” என்றார் பெருமையாக.

தலைவன் முகம் மலர்ந்தது. பனிக்குள் அவன் காது நிறையக் கேட்ட சொல்! “கட்டமரான்!” என்று அவளை மறுபடியும் வணங்கினான்.

“யோவ் துரை, நான் அஞ்சலாட்சி! இதுதான்யா கட்டுமரம்!” என்று அவள் மரத்தைத் தட்டினாள். அவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். “அட, அது மரம்யா!” என்று அவள் திட்டத் திட்ட, அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இந்தக் குரலுக்குப் பெயர் கட்டமரான். அவ்வளவுதான்.

கப்பல் ஊர் போய்ச் சேர்ந்தது. அங்கே சந்தையில் ஒருத்தி நாலு பேரை நிற்க வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். தலைவன் நின்று, நெஞ்சில் கை வைத்து, “ஆஹா, கட்டமரான்!” என்றான். அவன் அதை மரியாதையாகத்தான் சொன்னான். பனிக்குள் இருந்து தப்பியவனுக்கு அது தெரியும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பனியில் இருந்தவர்கள் இல்லையே! சண்டைக்காரப் பொம்பளைக்கு அழகான ஒரு வசவு கிடைத்தது என்று எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஊராக அந்த வசவு பரவிவிட்டது.

பல வருஷம் கழித்து இன்னொரு கப்பலில் வந்த துபாஷி, இரண்டு மொழியும் தெரிந்தவன், புன்னைமுனைக்கு அந்தச் சேதியைக் கொண்டுவந்தான். தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

“தாயி, கோவிச்சுக்கப்படாது. அவங்க சீமையில, ஓயாம சண்டை போடுற பொம்பளையைக் கட்டமரான்னு ஏசுறாங்க.”

கரையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சிங்காரம் ஓரடி பின்னால் நகர்ந்தான். அஞ்சலாட்சி நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

“அந்தச் சீமையில பனி உண்டா?”

“உண்டாவா? மாசக்கணக்குல விழும் தாயி. எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது.”

“அப்ப சரி” என்றாள் அஞ்சலாட்சி. “ஊருக்கு ஒரு கட்டுமரம் வேணும்ல.”

அந்தப் பனிக்குப் பிறகுதான் கடல் காக்கையின் மூக்கு நுனி வளைந்தே இருக்கிறது. கடலும் அதற்குமேல் ஒரு சொல் பேசியதில்லை, இரைவதோடு சரி. இங்கிலீஷ்காரர்களின் பழைய அகராதியைப் புரட்டிப் பாருங்கள். கட்டமரான் என்ற சொல்லுக்கு நேரே கடலில் போகும் மரம் என்று ஒரு பொருள் இருக்கும். அதற்குக் கீழே வாயாடிப் பொம்பளை என்று இன்னொரு பொருளும் இருக்கும். எழுதினவர்களுக்குக் காரணம் தெரியாது. புன்னைமுனைப் பெண்டுகளுக்குத் தெரியும். இன்றைக்கும் பனி விழுந்தால் அவர்கள் கரையில் போய் நின்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொள்கிறார்கள். கடலுக்குள் இருக்கும் ஆம்பிளைகள் துடுப்பை நிறுத்தி, எப்போது திட்டு வரும் என்று காத்திருக்கிறார்கள்.